கோணத்தை அட்ஜஸ்ட் பண்ண முடியாது!

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சந்திப்பில், ‘வீட்டுத் தியேட்டரில் சரவுண்ட் ஸ்பீக்கர்களை எங்கே வைப்பது?’ என்ற தலைப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



“டெக்னிக்கலா ஏதாவது பேசுங்க, ஆனா யாருக்கும் தூக்கம் வரக்கூடாது” என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். இரண்டும் சேர்ந்து நடப்பது கஷ்டம். ஆனாலும் ஒரு விஷயம் இருக்கிறது. இங்கே உட்கார்ந்திருக்கும் பழைய மாணவர்களில் பல பேர் வீடு கட்டுகிறீர்கள், அல்லது மாடி எடுக்கிறீர்கள். மாடியில் ஓர் அறையை “இது ஹோம் தியேட்டர்” என்று பிளானிலேயே எழுதி வைத்துவிடுகிறீர்கள். ஒலி அமைப்பு என் தொழில் என்பதால் எனக்குப் போன் வருகிறது. எப்போது வருகிறது தெரியுமா? சுவர் பூசி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, பால் காய்ச்சி முடித்த பிறகு! “ஸ்பீக்கர் எல்லாம் வாங்கியாச்சு, பாயின்டும் எலக்ட்ரீஷியன் விட்டுட்டார், நீ வந்து அட்ஜஸ்ட் பண்ணிக் கொடுத்துடு.”

நண்பர்களே, இன்று நான் சொல்லவந்தது ஒன்றே ஒன்றுதான். ஹோம் தியேட்டரில் சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஒரு ஸ்பீக்கர் கிட்டே இருந்து இன்னொன்று எட்ட இருந்தால், கிட்டே இருப்பதைச் சற்றுத் தாமதப்படுத்தலாம். இதையெல்லாம் ரிசீவர் பார்த்துக்கொள்ளும். அதனால் முடியாதது திசை. பக்கவாட்டில் இருக்கவேண்டிய ஸ்பீக்கரை உச்சந்தலைக்கு மேல் மாட்டிவிட்டால், எந்தப் பித்தானை அழுத்தினாலும் அது பக்கவாட்டுக்கு வராது. சில புதிய கருவிகள் அக்கம்பக்கத்து ஸ்பீக்கர்களைக் கலந்து, அங்கிருந்து வருவது போல ஒரு பாவனை செய்கின்றன. பாவனைதான்! ஆகவே திசையைச் சுவர் பூசுவதற்கு முன்னால் முடிவு செய்யவேண்டும்.

முதலில் நம் காதைப் பற்றி ஒரு சின்னப் பரிசோதனை. வீட்டுக்குப் போய்ச் செய்து பாருங்கள். ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணை மூடி, தலையை அசைக்காமல் இருக்கச் சொல்லுங்கள். ஒரு சாவிக்கொத்தை அவருக்கு முன்னால் குலுக்கி, கையை ஒரு சாண் இடது பக்கம் நகர்த்தி மறுபடி குலுக்குங்கள். நகர்ந்ததை உடனே சொல்லிவிடுவார். அதே சாணை அவருடைய வலது காதுக்கு நேரே, பக்கவாட்டில் முன்னும் பின்னுமாக நகர்த்துங்கள். தடுமாறுவார். கடைசியாக மூக்குக்கு நேராக ஒருமுறையும், பின்மண்டைக்கு நேராக ஒருமுறையும் குலுக்குங்கள். சில சமயம் முன்னால் இருப்பதைப் பின்னால் என்பார்!

காரணம் சுலபமானது. வலப்பக்கம் எழும் ஒலி வலது காதுக்கு முதலில் வருகிறது, இடது காதுக்குக் கொஞ்சம் தாமதமாக வருகிறது. அதிகபட்ச வித்தியாசமே ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. அந்தக் கால வித்தியாசத்தை வைத்துத் தாழ்ந்த சுருதி ஒலிகளின் திசையையும், தலை மறைப்பதால் ஏற்படும் அளவு வித்தியாசத்தை வைத்து உயர்ந்த சுருதி ஒலிகளின் திசையையும் மூளை கண்டுபிடிக்கிறது என்று ராலே பிரபு 1907-லேயே விளக்கிவிட்டார். நேர் முன்னாலும் நேர் பின்னாலும் இந்த வித்தியாசம் இரண்டுமே பூஜ்யம். அதனால்தான் குழப்பம். காது மடலின் மடிப்புகளும், நாம் லேசாகத் தலையைத் திருப்புவதும்தான் அங்கே கைகொடுக்கின்றன.

இதிலிருந்து சரவுண்ட் ஸ்பீக்கருக்கு ஒரு பாடம். ரொம்ப முன்னால் வந்தால் அது முன் ஸ்பீக்கரோடு சேர்ந்துவிடும். நேர் பின்னால் போனால் முன்னா பின்னா என்று குழம்பும். நடுவில், காதுக்குச் சற்றுப் பின்னால் வைத்தால்தான் “நம்மைச் சுற்றி நடக்கிறது” என்ற உணர்வு வரும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐ.டி.யு. 1992-ல் வெளியிட்ட பி.எஸ். 775 என்ற பரிந்துரை இதற்கு எண்ணே கொடுத்துவிட்டது. மூக்குக்கு நேரே 0 பாகை. காதுக்கு நேரே 90. முன் ஸ்பீக்கர்கள் இரண்டும் பக்கத்துக்கு 30 பாகை. சரவுண்ட் இரண்டும் பக்கத்துக்கு 100-லிருந்து 120 பாகைக்குள். அவ்வளவுதான்.

பாகை என்றதும் பயப்படவேண்டாம். ஒரு சாதாரண அறையை எடுத்துக்கொள்வோம். அகலம் 12 அடி, நீளம் 16 அடி. திரை 12 அடிச் சுவரில் இருக்கிறது. சோபாவின் நடுவில் உட்காருபவருடைய காது திரைச் சுவரிலிருந்து 10 அடியில் இருக்கட்டும். அப்படியானால் பின்னால் 6 அடி மிச்சம். இரு பக்கச் சுவர்களும் காதிலிருந்து 6 அடி.

முன் ஸ்பீக்கர்கள் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நிற்கட்டும். காதுக்கும் அவற்றின் வரிசைக்கும் எட்டரை அடி. 30 பாகைக்கு டேன் மதிப்பு 0.577. பெருக்கினால் நடுக்கோட்டிலிருந்து 4 அடி 11 அங்குலம். இரண்டு பக்கமும் சுவருக்கு ஓர் அடிதான் மிச்சம், ஆனால் நிற்கும்.

இப்போது சரவுண்ட். 110 பாகை என்றால் காதுக் கோட்டிலிருந்து 20 பாகை பின்னால். டேன் 20 என்பது 0.364. அதை 6-ஆல் பெருக்கினால் 2 அடி 2 அங்குலம். அதாவது பக்கச் சுவரில், காதுக்கு நேரே ஒரு கோடு போட்டு, அங்கிருந்து பின்னால் 2 அடி 2 அங்குலத்தில் ஒரு பென்சில் புள்ளி! 100 பாகைக்கு ஓர் அடி, 120 பாகைக்கு மூன்றரை அடி. ஆக, கதவோ ஜன்னலோ இடைஞ்சலாக இருந்தாலும் இரண்டரை அடி இடம் உங்கள் கையில் இருக்கிறது. இடப்பக்கம் கதவு வந்து 120-க்குத் தள்ளவேண்டியிருந்தால், வலப்பக்கத்தையும் அதே அளவு தள்ளிவிடுங்கள். ஜோடி மாடு மாதிரி, இரண்டும் சமமாக நிற்கவேண்டும்.

ஏழு ஸ்பீக்கர் வைப்பவர்கள் பக்கத்து ஜோடியை 90 முதல் 110 பாகைக்குள்ளும், பின் ஜோடியை 135 முதல் 150 பாகைக்குள்ளும் வைக்கவேண்டும். நம் அறையில் 150 பாகை என்பது பின்சுவரில் நடுக்கோட்டிலிருந்து மூன்றரை அடி. 135 பாகை என்பது சரியாக மூலை. இரண்டுக்கும் நடுவே எங்காவது வையுங்கள்.

உயரம்? சோபாவில் உட்கார்ந்தால் காது தரையிலிருந்து சுமார் மூன்றரை அடி. சரவுண்டைக் காது மட்டத்திலிருந்து ஒன்றரை அடி வரை உயர்த்தலாம். பக்கத்தில் இருப்பவரின் தலை மறைக்காமல் இருக்க அது உதவும். அதாவது தரையிலிருந்து 5 அடி. அதற்கு மேல் வேண்டாம். 9 அடி உயரத்து ஃபால்ஸ் சீலிங்கில் அதே ஸ்பீக்கரைப் பதித்தால், காதிலிருந்து பார்க்கும்போது அது 40 பாகை மேலே போய்விடுகிறது. காட்டில் புலி நடக்கும் சத்தம் மரத்து மேலிருந்து வரும்!

இங்கே ஒரு தம்பி கேட்கலாம்: “அண்ணா, சரவுண்டை உயரத்தில் வைக்கணும், சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கணும்னு எங்க மாமா சொல்றாரே?” மாமா சொல்வது தப்பில்லை. அது அவர் காலத்துக்குச் சரியான வார்த்தை. 1982-ல் டால்பி சரவுண்ட் வீட்டுக்கு வந்தது. 1987-ல் புரோ லாஜிக் வந்தது. இரண்டிலும் சரவுண்ட் என்பது ஒரே ஒரு சானல். ஸ்பீக்கர் இரண்டு வைத்தாலும் இரண்டிலும் ஒரே சத்தம்தான். அதுவும் 7 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டப்பட்ட மங்கலான சத்தம். ஒரே சத்தம் இரண்டு பெட்டியிலிருந்து நேராகக் காதில் விழுந்தால் தலைக்குள் கேட்பது போல இருக்கும். அதனால் உயரத்தில் வைத்து, சுவரில் மோதவிட்டு, எங்கிருந்து வருகிறது என்று தெரியாதபடி பரப்பினார்கள். 1990-ல் வந்த ஹோம் டி.எச்.எக்ஸ். முறையில் இதற்கென்றே முன்னும் பின்னும் ஒலிக்கும் டைபோல் ஸ்பீக்கரைக் காதுக்குப் பக்கவாட்டில் வைக்கச் சொன்னார்கள்.

பிறகு காலம் மாறியது. 1992-ல் ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்தோடு டால்பி டிஜிட்டலும், 1993-ல் ‘ஜுராசிக் பார்க்’ படத்தோடு டி.டி.எஸ்.ஸும் தியேட்டருக்கு வந்தன. இடது சரவுண்ட் வேறு, வலது சரவுண்ட் வேறு, இரண்டும் முழுச் சுருதியில். டிவிடி வந்ததும் இது வீட்டுக்குள்ளும் சாதாரணமாகிவிட்டது. 2012-ல் வந்த டால்பி அட்மாஸ், உச்சிக்கு மேலேயே தனி ஸ்பீக்கர் கேட்டது. இப்போது மேலே ஒன்று, காது மட்டத்தில் ஒன்று என்று வித்தியாசம் தெரியவேண்டும். காது மட்டத்து ஜோடியையும் கூரையில் ஏற்றிவிட்டால், ஹெலிகாப்டரும் மேலே, ஆட்டோவும் மேலே! ஆகவே எந்த யோசனையைக் கேட்டாலும், அது எந்தக் காலத்து யோசனை என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் பணக்கார விளையாட்டு, இதில் என்ன பெரிய நஷ்டம் என்று நினைக்கிறீர்களா? நான் பார்த்த ஒரு வீட்டைச் சொல்கிறேன்.

நான் சொன்ன அதே அளவு அறைதான். வீட்டுக்காரர் சில லட்சம் செலவு செய்திருந்தார். சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார்கள். எலக்ட்ரீஷியன் வசதிக்காக சரவுண்ட் பாயின்ட் இரண்டையும் பின்சுவரில், சோபாவின் இரு ஓரங்களுக்கும் மேலே விட்டிருந்தார். ஸ்பீக்கரும் அங்கேயே ஏறிவிட்டது. வீட்டுக்காரருக்கு நடு இருக்கை. அவருடைய அம்மாவுக்கு எப்போதும் இடது ஓரம். எழுந்து போக வசதி.

படம் போட்டால் அந்த அம்மா சொல்வாராம்: “மழைச் சத்தம்தான் கேக்குது, என்ன பேசுறாங்கன்னே தெரியல.” வயசாகிவிட்டது, காது மந்தம் என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். காது டாக்டரிடமும் கூட்டிப்போனார்கள். வயதுக்கு ஏற்ற மாதிரி நன்றாகவே கேட்கிறது என்று அவர் அனுப்பிவிட்டார். அதன் பிறகு அந்த அம்மா அறைக்கு வருவதையே நிறுத்திவிட்டார். “நீங்க பாருங்கப்பா, எனக்குப் புரியல.”

டேப்பை எடுத்து அளந்தேன். வீட்டுக்காரரின் காதுக்கும் சரவுண்டுக்கும் 4 அடி. அம்மாவின் காதுக்கு 2 அடி. தூரம் பாதியானால் நேராக வரும் ஒலி 6 டெசிபெல் கூடும். சக்தியில் சொன்னால் நான்கு மடங்கு. ரிசீவரின் மைக்கை வைத்து அளவு சரிசெய்தது நடு இருக்கையில். அங்கே எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் வசனம் வருவது முன்னால் இருக்கும் நடு ஸ்பீக்கரிலிருந்து. அது 14 அடி தள்ளி நிற்கிறது, அம்மாவின் இடத்தில் அது கூடவில்லை. மழை மட்டும் கூடி வசனத்தை விழுங்கிவிட்டது. காதில் கோளாறு இல்லை ஐயா, கோணத்தில் கோளாறு!

செய்தது என்ன? சோபாவை முன்னால் இழுத்து, பின்னால் 6 அடி விட்டோம். சரவுண்ட் இரண்டையும் பக்கச் சுவருக்கு மாற்றினோம். புதுச் சுவரை உடைக்க வீட்டுக்காரருக்கு மனசு வரவில்லை. அதனால் கேசிங் கேப்பிங் போட்டு, சுவர் மேலேயே வயரைக் கொண்டுபோனோம். பார்க்க அழகில்லைதான். அடுத்த வாரம் போனபோது அந்த அம்மா படத்தில் யார் யாரை ஏமாற்றினார் என்று எனக்கே கதை சொன்னார்.

பக்கச் சுவரில் வைத்தாலும் ஓரத்து இருக்கைக்குக் கொஞ்சம் அநியாயம் இருக்கத்தான் செய்யும். நம் அறையில் மூவர் உட்காரும் சோபாவின் ஓரத்துத் தலை, நடுவிலிருந்து சுமார் 2 அடி 4 அங்குலம் தள்ளி இருக்கும். கிட்டத்துச் சரவுண்ட் அவருக்கு 4 அடி 3 அங்குலம், எட்டத்தில் இருப்பது 8 அடி 7 அங்குலம். மறுபடியும் இரட்டிப்பு வித்தியாசம். ஒலி ஓர் அடி போக ஆயிரத்தில் 0.9 பங்கு நொடி ஆகும். அதனால் கிட்டத்துச் சத்தம் ஆயிரத்தில் 4 பங்கு நொடி முந்திக்கொள்கிறது. இரண்டு இடத்திலிருந்து ஒரே ஒலி வந்தால், முந்தி வந்ததன் திசையைத்தான் காது நம்பும். பின்னால் வருவது கொஞ்சம் கூடுதல் சத்தமாக இருந்தாலும் ஏமாறாது. ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949-ல் தன் ஆராய்ச்சியில் இதை அளந்து காட்டினார். ஹாஸ் விளைவு என்று இன்றும் அவர் பெயரிலேயே சொல்கிறோம்.

இதற்கு மருந்து மூன்று. ஒன்று, நான் சொன்ன ஒன்றரை அடி உயர்வு. இரண்டு, ஸ்பீக்கரின் முகத்தைப் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் திருப்பாமல், எதிர் ஓரத்தில் இருப்பவரைப் பார்த்துத் திருப்புவது. உயர் சுருதி ஒலி முகம் பார்க்கும் பக்கம்தான் அதிகம் போகும், எனவே கிட்டே இருப்பவருக்குக் குத்தாது. மூன்று, அளவு வைக்கும்போது மைக்கை நடு இருக்கையில் மட்டும் வைக்காமல் எல்லா இருக்கையிலும் வைப்பது. அல்லது வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து கேட்டுப் பார்த்து, ஓரத்தில் இருப்பவர் “வசனம் புரியுது” என்று சொல்லும்வரை சரவுண்டைக் குறைப்பது. தியேட்டர் வீட்டுத் தலைவருக்கு மட்டும் கட்டுவதில்லை.

சோபாவைப் பின்சுவரோடு ஒட்டித்தான் போடமுடியும், இடமே இல்லை என்றால்? அப்போது 110 பாகைக்கு வழியில்லை. பின்சுவரில் தலைக்கு மேல் மாட்டாமல், பக்கச் சுவரில் காதுக்கு நேராக, 90-லிருந்து 100 பாகைக்குள் வையுங்கள். பின் ஜோடி ஆசையை விட்டுவிடுங்கள். ஐந்து ஸ்பீக்கர் சரியான இடத்தில் இருப்பது, ஏழு ஸ்பீக்கர் தவறான இடத்தில் இருப்பதைவிட மேல்.

இனி, வீடு கட்டுபவர்களுக்கு நடைமுறை. சுவரில் காடி வெட்டிப் பைப் பதிப்பதற்கு முன்னால் அந்த அறைக்குள் ஒரு நாற்காலியைக் கொண்டுபோய், சோபா வரப்போகும் இடத்தில் போடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தவர் காது உயரத்தில் ஒரு கயிற்றைப் பிடிக்கட்டும். பிள்ளையின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து பாகைமானியை எடுத்து 110 வைத்து, கயிற்றைச் சுவர்வரை இழுங்கள். கயிறு தொடும் இடத்தில் ஒரு குறி. மேஸ்திரியிடமும் எலக்ட்ரீஷியனிடமும் அந்தக் குறியைக் கையால் தொட்டுக் காட்டுங்கள். பிளானில் எழுதியதைவிட சுவரில் எழுதியதற்கு மதிப்பு அதிகம்!

வயருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு போதும். 15 மீட்டர் தூரத்துக்குப் போக வரச் சேர்த்து அதன் தடை 0.36 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு இது ஐந்து சதவீதத்துக்கும் கீழே. கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே இதையும் திணிக்கக்கூடாது, தனிப் பைப் போடுங்கள். இப்போது ஐந்துதான் வாங்கினாலும், பின் ஜோடிக்கும் கூரைக்கும் காலிப் பைப் விட்டு வையுங்கள். பைப் விலை கொஞ்சம், சுவர் உடைக்கும் விலை நிறைய.

கடைசியாக, பிளஸ் மைனஸ். ஒரு சரவுண்டில் மட்டும் மாறிப்போனால் சத்தம் எங்கேயோ தொங்கும். ரிசீவரிலிருந்து கழற்றிய வயர் முனையில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். பிளஸ்ஸுக்குப் பிளஸ் சரியாக இருந்தால் ஸ்பீக்கரின் கோன் வெளியே தள்ளும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தள்ளவேண்டும்.

மாணவத் தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் ஒலி வேலைக்கு வரமாட்டீர்கள். பாலம் கட்டலாம், கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதலாம், மில்லில் மெஷின் ஓட்டலாம். எங்கே போனாலும் ஒரு குரல் உங்கள் காதில் விழும்: “இப்போ இருக்கட்டும், அப்புறம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்.” சொல்பவர் நல்லவராகவே இருப்பார், உங்களைவிட மூத்தவராகவும் இருப்பார். அப்போது எது பின்னால் திருத்தக்கூடியது, எது திருத்த முடியாதது என்று பிரித்துப் பாருங்கள். திருத்தக்கூடியதில் தாராளமாக விட்டுக்கொடுங்கள். அது நட்பை வளர்க்கும். திருத்த முடியாததில் மட்டும், சுவர் பூசுவதற்கு முன்னால், மரியாதையாக, ஆனால் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். இன்ஜினியருக்குச் சம்பளம் கொடுப்பது அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான்.

நண்பர்களே, வீடு கட்டும்போது கூப்பிடுங்கள், பால் காய்ச்சின பிறகு அல்ல. பால் காய்ச்சும்போது சாப்பிட மட்டும் வருகிறேன்.